பிடி-எல்1 புரதத்தை வாங்கியது முதல் எலிசா வளைவு வரை

பிடி-1, பிடி-எல்1 ஆகியவற்றின் பிணைப்பைத் தடுக்கும் மூலக்கூறுகளைச் சோதிக்க ஓர் எலிசா முறையை (குழிகள் கொண்ட தட்டில் புரதங்கள் பிணைவதை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) அமைக்கும் பொறுப்பு எங்கள் ஆய்வகத்தில் என்னிடம் வந்தது. நோயெதிர்ப்புச் செல்லான டி செல்லின் மேற்பரப்பிலுள்ள பிடி-1 புரதம், புற்றுநோய்ச் செல்லில் உள்ள பிடி-எல்1 உடன் இணையும்போது டி செல்லின் தாக்குதல் தணிந்துவிடுகிறது. 1992-இல் பிடி-1 மரபணுவைக் கண்டறிந்த தசுகு ஹோன்ஜோ, டி செல்லை அடக்கும் மற்றொரு புரதமான சிடிஎல்ஏ-4-இன் தடுப்பில் உழைத்த ஜேம்ஸ் ஆலிசனுடன் 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்தத் துறைக்காகத்தான்.

அதிக நேரம் பிடித்தது, எதை வாங்குவது என்ற முடிவுதான். பிடி-எல்1 மொத்தம் 290 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லுக்கு வெளியே நீளும் பகுதியே பெரும்பாலும் மறுசேர்க்கைப் புரதமாக (வேறு செல்களில் மரபணுவைப் புகுத்தித் தயாரித்ததாக) விற்கப்படுகிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது விலை மலிவு. ஆனால் அதில் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்காது. பெரும்பாலும் கரையாத திரளாக உருவாகி, பின்னர் மீண்டும் மடிக்கப்பட்டதாகவும் இருக்கும். ஆகவே மனிதச் செல்வரிசையான ஹெக் 293-இல் தயாரித்ததையே கேட்டேன். அடுத்த கேள்வி, புரதத்தோடு இணைத்துத் தயாரிக்கும் டேக் என்ற கூடுதல் துண்டு பற்றியது. பிணைப்பை எஃப்சி (ஆன்டிபாடியின் வால் பகுதி) இணைந்த பிடி-1 கொண்டு அளந்து, எஃப்சிக்கு எதிரான ஆன்டிபாடியால் காண்பது எங்கள் திட்டம். தட்டில் பூசும் பிடி-எல்1 உம் எஃப்சி இணைந்ததாக இருந்தால் அந்த ஆன்டிபாடி நேராக அதையே பிடித்து, எல்லாக் குழிகளும் ஒன்றுபோல் நிறம் மாறிவிடும். எனவே பூசுவதற்கு ஹிஸ் டேக் (ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களின் சிறு தொடர்) உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன்.

குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெண்படலம். உறைஉலர்த்திய புரதம் அவ்வளவுதான். மூடியில் ஒட்டியிருக்கக்கூடியது கீழே இறங்கும்படி முதலில் சிறிது நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினேன். பிறகு கிருமிநீக்கிய நீரைச் சேர்த்து, வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகக் குலுக்காமல், தானாகக் கரைய விட்டேன். உறையவைத்து உருக்குவதை மீண்டும் மீண்டும் செய்தால் புரதம் திரளக்கூடும் என்பதால், ஒருமுறைப் பயன்பாட்டு அளவுகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தேன்.

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது எங்கள் குழுவில் ஐயம் எழுந்தது. கணக்கின்படி 26 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவில் வர வேண்டிய புரதம், 35-க்கும் 45-க்கும் இடையே அகன்று மங்கலான பட்டையாக நின்றது. சர்க்கரைச் சங்கிலிகளே காரணம் என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்றார் எங்கள் வழிகாட்டி. அவர் கேட்டது நியாயமே. பிஎன்ஜிஏஸ் எஃப் நொதியைக் கொண்டு அந்தச் சங்கிலிகளை வெட்டிவிட்டு மீண்டும் ஓட்டியதும் பட்டை கீழிறங்கிக் கூர்மையானது. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் நொதியை மட்டும் ஒரு தனி வரிசையில் ஓட்டுவது நல்லது. அந்த நொதியே ஏறத்தாழ 36 கிலோடால்டன் என்பதால், பழைய பட்டையில் மிச்சம் இருப்பதாக நினைக்கத் தோன்றும்.

எலிசாவில் பூசுதல், பிஎஸ்ஏ என்ற புரதம் கொண்டு வெற்றிடங்களை அடைத்தல், ட்வீன் என்ற சோப்புப்பொருள் கலந்த பஃபரில் கழுவுதல் எல்லாம் வழக்கம்போலத்தான். டிஎம்பி என்ற நிறம் தரும் பொருளைச் சேர்த்ததும் நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும் நிறத்தை 450 நானோமீட்டரில் அளந்தேன். வளைவு அழகாக வந்தது. பிணைப்பு நானோமோலார் அளவில், அதாவது மிக வலுவானதாகத் தெரிந்தது. மகிழ்வதற்கு முன் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒற்றை மூலக்கூறுகளாக அளந்தால் மனித பிடி-1, பிடி-எல்1 பிணைப்பு மைக்ரோமோலார் அளவில் வலுக்குறைந்தது. எஃப்சி இணைந்த பிடி-1 இரட்டையாக இருப்பதால், நெருக்கமாகப் பூசிய தட்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறது. எனவே இந்த எண்ணைப் பிணைப்பு மாறிலி என்று அறிக்கையில் எழுத நான் ஒப்பவில்லை. தடுப்பான்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் அளவுகோலாக மட்டுமே குறித்தேன். பிடி-எல்1 ஐப் பிடிக்கும், எஃப்சி இல்லாத ஒரு தடுப்பானைச் சேர்த்தபோது நிறம் படிப்படியாகக் குறைந்ததால், அந்த ஒப்பீட்டுக்கு இம்முறை போதுமென்று தெரிந்தது.

இப்போது புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வரும்போதெல்லாம் பழைய லாட்டின் பிரித்துவைத்த கடைசி அளவுடன் ஒரே தட்டில் வைத்து இரு வளைவுகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பயன்பாட்டுக்கு எடுக்கிறோம்.