மூன்று மாதம் யார் வீட்டுத் தண்ணீருக்கோ பணம் கட்டினேன்

2025 ஜனவரி கடைசியில் பெங்களூரிலேயே அல்சூரிலிருந்து முருகேஷ்பாளையாவுக்கு வீடு மாறினோம். கேஸ், இன்டர்நெட், ஆதார் முகவரி என்று ஒவ்வொன்றாக மாற்றியவன், தண்ணீர் பில்லை மறந்தேவிட்டேன். மறந்தேன் என்றும் சொல்ல முடியாது, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். போனில் முன்பே சேமித்திருந்த ‘வாட்டர் பில்’லைத் தொட்டால் தொகை வரும், யுபிஐ பின் போட்டால் வேலை முடிந்தது.

பில்லும் ரொம்பக் குறைவாக வந்தது. 2014க்குப் பிறகு பெங்களூரில் தண்ணீர்க் கட்டணம் ஏறியது அந்த ஏப்ரலில்தான். ஆபீஸில் எல்லாரும் புலம்பும்போது, ‘எங்க வீட்டுல சிக்கனம்’ என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மே மாதம் ஓனர் அம்மா மாடியேறி வந்தார். கையில் மீட்டர் ரீடர் கேட்டில் செருகிவிட்டுப் போன சீட்டு. “என்னப்பா, மூணு மாசமா தண்ணிக் காசு கட்டலையா?”

எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வரியில் விரல் வைத்து “பாக்கி” என்று படித்தான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்போதுதான் சீட்டில் இருந்த ஆர்ஆர் நம்பரையும் (தண்ணீர் இணைப்பின் எண்) போனில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னால் வரும் எழுத்தே வேறு. ஆர்ஆர் நம்பர் அந்த இணைப்போடு சேர்ந்தது, குடியிருப்பவரோடு கூட வராது. நான் கட்டியதெல்லாம் அல்சூர் வீட்டுக்கு. அது காலியாகப் பூட்டிக் கிடந்ததால்தான் அந்தக் குறைந்த பில்! கட்டும்போது பெயர் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரிந்தது. ஆனால் அந்த வீட்டு இணைப்பு ஓனருடைய காலமான மாமனார் பெயரில், இந்த வீட்டு இணைப்பு ஓனர் அம்மாவின் காலமான கணவர் பெயரில். இரண்டுமே எனக்குப் பழக்கமில்லாத பெயர்கள் என்பதால் எதுவும் உறுத்தவில்லை.

பாக்கித் தொகை சரிதானா என்று ஒரு சந்தேகம். ஓனர் அம்மா சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) பக்கத்தில் குனிந்து மீட்டர் மூடியைத் திறந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். கறுப்பு எண்களை மட்டும் படிக்கச் சொன்னார், சிவப்பு வெறும் லிட்டர் கணக்காம். கறுப்பில் ஒன்று கூடினால் ஆயிரம் லிட்டர். நாங்கள் குடிவந்த நாளின் ரீடிங்கைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். கழித்துப் பார்த்தால் 63, அதாவது மாதம் 21,000 லிட்டர். முதல் 8,000 லிட்டருக்குத்தான் குறைந்த கட்டணம், அதைத் தாண்டினால் அடுத்த படி. நூறு கிலோமீட்டர் தள்ளி தொரேகாடனஹள்ளியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிற காவேரி. அதை இரண்டு பேர் இவ்வளவு செலவழித்திருக்கிறோம் என்பது பில்லைவிடச் சுட்டது. எங்கள் சிக்கனம் அவ்வளவுதான்.

புது நம்பரைச் சேர்த்து 934 ரூபாய் பாக்கியை அங்கேயே நின்று கட்டினேன். இந்த முறை எழுத்து எழுத்தாக அவர் சொல்ல, நான் அடித்தேன். பழைய நம்பரை அழித்தேன்.

தவறாகப் போன 412 ரூபாய்? பில் கவுன்டரில் விசாரித்தேன். அது அந்த நம்பரின் கணக்கில் வரவாகிவிட்டது, வீட்டுக்காரரிடமே வாங்கிக்கொள்வதுதான் சுலபம் என்றார்கள். சரி என்று தயங்கித் தயங்கி அல்சூர் ஓனருக்குப் போன் செய்தேன். “அட, நீங்களா? நான் கட்டாமலே பாக்கி இல்லன்னு வருதே, கம்ப்யூட்டர் கோளாறுன்னு நெனச்சு சத்தம் காட்டாம இருந்தேன்” என்று சிரித்தார். ரசீதுகளின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். பெயின்டிங் என்று சொல்லி அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்ட மனுஷர், இந்த 412 ரூபாயை மட்டும் அஞ்சு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்.