வெளிமூச்சு வால்வு இல்லாத முகமூடி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பொதுமக்களுக்குக் கொடுத்த விஷவாயு முகமூடியை முதன்முறை கையில் எடுப்பவர்கள் வெளிமூச்சு வால்வு எங்கே என்று தேடுவார்கள். அது கிடையாது. 1938 செப்டம்பர், ஹிட்லரோடு போர் மூளுமோ என்று அஞ்சிய மியூனிக் நெருக்கடி வேளையில் சுமார் 3.8 கோடி முகமூடிகள் அங்கே வினியோகமாயின. அத்தனை கோடி செய்யும்போது ஒரு வால்வு மிச்சமானாலே பெரிய காரியம்.

இருக்கும் வால்வு ஒன்றுதான்: வடிகட்டி டப்பாவின் உட்புறம், வாய்க்கு நேரே, மெல்லிய ரப்பர் வட்டு. மூச்சை இழுத்தால் வட்டு எழும்பும், விட்டால் படிந்து மூடிக்கொள்ளும். அது சுருண்டுபோனால் வெளிமூச்சின் ஈரம் டப்பாவிலுள்ள கரிக்குள் போகும், கரி வீணாகும். விட்ட மூச்சுக்கு வழி கன்னத்தோரம்தான். மெல்லிய ரப்பர் தாள் லேசாக விலகி, காற்று படபடத்து வெளியேறும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் விரும்பி மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, எல்லாம் பட்டையின் இறுக்கத்தில் இருக்கிறது. தளர்ந்தால் உள்ளிழுக்கும்போது ஓரத்தில் கசியும். அதிகம் இறுக்கினால் வெளிமூச்சு திணறும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றே அளவு. முகவாயை முதலில் உள்ளே வைத்து, பிறகு பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுக்க வேண்டும். சோதனைக்கு டப்பாவின் முனையை ஓர் அட்டையால் அடைத்து மூச்சை இழுப்பார்கள். ரப்பர் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாவிட்டால் அதன் காம்பு ஓரத்தில் இடைவெளி விடும். தாடியும் அப்படித்தான்.

பார்வைச் சன்னல் பிளாஸ்டிக் தாள், மூச்சு பட்டவுடன் பனிக்கும். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து உட்புறம் மெல்லப் பூசுவதுதான் அதற்கு மருந்து. அட்டைப்பெட்டியில் வைக்கும்போது சன்னல் மடங்கக் கூடாது. மடிந்த இடத்தில் விரிசல் விடும். பட்டையைப் பிடித்து ஆணியில் தொங்கவிட்டால் ரப்பர் கோணிப்போகும்.

டப்பாவுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. விஷவாயுவைப் பிடிப்பது ஊக்கப்படுத்திய கரி. (முதல் உலகப் போரில் இதே கரிக்காக அமெரிக்கர்கள் பீச் கொட்டையையும் கொட்டாங்குச்சியையும் சேகரித்தார்கள்.) ஆனால் நுண்ணிய புகைத்துகள் கரியின் இடுக்குகளில் நழுவிவிடும், அதற்குத் தனி இழைத்தட்டு வேண்டும். ஆர்சனிக் புகைக்கு அந்தத் தட்டு போதாது என்று 1940-இல் கூடுதல் வடிகட்டி ஒன்றை டப்பாவின் முனையில் பட்டைநாடாவால் ஒட்டினார்கள். கார்பன் மோனாக்சைடை இரண்டுமே தடுக்காது. அன்றைய சமையல் எரிவாயுவில் அது கலந்திருந்ததால், குண்டு விழுந்து எரிவாயுக் குழாய் உடைந்தால் இந்த முகமூடியை நம்பக் கூடாது.

துகளைப் பிடித்த இழைதான் இன்றைய சிக்கல். பல டப்பாக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தது: பொதுமக்கள் முகமூடியில் பெரும்பாலும் வெள்ளை, ராணுவத்தினதில் நீலம். தயாரித்த தொழிற்சாலைப் பெண்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் உறைப் புற்று வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இவற்றை மாட்டிக் காட்ட வேண்டாம் என்று 2014-இல் பிரிட்டன் எச்சரித்தது.

காட்சிக்கு வைப்பவர்கள் டப்பாவைக் குலுக்கக் கூடாது, திறக்கவும் கூடாது. அடித்தகடு துருப்பிடித்துத் துளைகள் பெரிதாகியிருந்தால் தூசி ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் இறங்கியிருக்கும். ஆகவே பெட்டியோடு சேர்த்து இரட்டைப் பாலித்தீன் பையில் போட்டு மூடி, மேலே கல்நார் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும்.