‘வேலை தருபவர் பெயர்’ என்றொரு கட்டம்

படிவத்தில் எத்தனை கட்டங்கள் இருந்தாலும் எனக்குப் பயம் ஒரே ஒரு கட்டத்தில்தான். ‘வேலை தருபவரின் பெயர், முகவரி, கையொப்பம்.’

முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டபோது மேசைக்கு எதிரே இருந்தவர் நாலு வீட்டில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. “எந்த வீட்ட எழுதுறது தம்பி? காலையில போற வீடா, மத்தியானம் போற வீடா?” என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே முடிவும் சொன்னார். “யார எழுதினாலும் அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க. கோடு போட்டு விட்ரு.” கோடு போட்டேன். மூன்று வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது.

நான் ஒரு தொழிலாளர் சங்கத்துக்குக் கணக்கு எழுதப் போனவன். வாரத்தில் ஒரு நாள், சந்தாக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது ஐந்தாவது வருடம் ஓடுகிறது. கணக்கு வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் படிவம்தான். மருத்துவக் காப்பீடு, மகப்பேறு உதவி, முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து இழப்பீடு. வருகிறவர்கள் வீட்டுவேலை செய்பவர்கள், சித்தாள்கள், கொத்தனார்கள், பழைய பொருள் பொறுக்கிப் பிரிப்பவர்கள், வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்குப்படி உலகத்தில் சுமார் 200 கோடிப் பேர் முறைசாரா வேலையில், அதாவது ஒப்பந்தமோ சமூகப் பாதுகாப்போ இல்லாத வேலையில், இருக்கிறார்கள். வேலை பார்க்கிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டம் மீதி நாலு பேரை மனதில் வைத்து அச்சடித்தது.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1972இல் அகமதாபாத்தில் இலா பட் தலைமையில் பெண்கள், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான ‘சேவா’ சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோதும் தொழிலாளர் துறை இதையேதான் கேட்டது. உங்களுக்கு முதலாளி யார்? முதலாளியே இல்லையென்றால் யாரை எதிர்த்துச் சங்கம்? தலையில் சுமை தூக்குபவர், காய்கறி விற்பவர், பழைய துணி விற்பவர், இவர்களுக்கெல்லாம் யாரைக் காட்டுவது? சங்கம் என்பது யாரையாவது எதிர்க்கத்தான் வேண்டும் என்றில்லை, உழைக்கிறவர்கள் ஒன்றுசேர்வதற்கே சங்கம் என்று வாதாடித்தான் பதிவை வாங்கினார்கள். இரண்டே வருடத்தில், 1974இல், 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டுச் சொந்தமாகக் கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் கணக்குப் புத்தகத்தில் புகைப்படத்தை ஒட்டினார்கள். ஆளை அடையாளம் காண ஒரு வழி வேண்டும், அது கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

அடையாளம் என்றதும் கைரேகை ஞாபகம் வருகிறது. சிமென்ட் கைரேகையைத் தின்றுவிடும். பல வருடம் கலவை சுமந்த சித்தாள் ஒருவரை ஓய்வூதியப் பதிவுக்காக ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். அந்தச் சின்னக் கருவியில் கட்டைவிரலை வைத்தார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. புடவையில் துடைத்து மறுபடி வைத்தார், சிவப்பு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மா ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். எங்கள் சங்கச் செயலாளர் அக்கா முன்னால் போய், “இடது கை சுண்டு விரல வைங்கம்மா, அதுதான் வேலைக்கே போகாது” என்றார். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே இருந்த அலுவலர்கூடச் சிரித்துவிட்டார்.

சங்கம் செய்யும் சேவை என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு இந்தச் சுண்டுவிரல்தான் முதலில் நினைவுக்கு வரும். திட்டம் இருக்கும், பணம் ஒதுக்கியிருப்பார்கள், கருவியும் வாங்கி வைத்திருப்பார்கள். எந்த விரலை வைக்க வேண்டும் என்பதை மட்டும் அந்த வேலை செய்தவரோ, செய்தவரோடு பழகியவரோதான் சொல்ல முடியும்.

சரி, அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவில் கட்டடத் தொழிலாளர்களுக்கென 2025 வரை நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி நலவாரியத்தில் பதிய வேண்டுமென்றால் 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டியிருந்தது, முந்தைய 12 மாதத்தில் 90 நாளாவது கட்டட வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வையாகப் பிடித்து அந்த நிதியைத் திரட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 90 நாளை எதை வைத்துக் காட்டுவது? இந்த வாரம் ஒரு மேஸ்திரி, அடுத்த வாரம் வேறொருவர். நடுவில் பத்து நாள் வேலையே இருக்காது. ரசீது, வருகைப் பதிவு எதுவும் கிடையாது. அதனால்தான் தொழிற்சங்கம் கொடுக்கும் சான்றையும் சில இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள். வேலை தருபவர் போட வேண்டிய கையெழுத்தைச் சக தொழிலாளி போடுகிறார்.

இதில் தில்லுமுல்லு நடக்காதா என்றால், நடக்கும். காசு வாங்கிக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் சான்று கொடுக்கும் சங்கங்களும் உண்டு. மூடி மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் செயலாளர் அக்கா இருபது வருடம் சித்தாள் வேலை பார்த்தவர். கொத்தனார் என்று சொல்லிக்கொண்டு புதிதாக யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார். அப்புறம் பேச்சுவாக்கில், “தூக்குக்குண்டு உங்களோடதா, மேஸ்திரி தருவாரா?” என்பார். ஒருமுறை ஒருவர், “குண்டெல்லாம் நான் தூக்கறதில்லைக்கா, அதுக்கு ஆள் இருக்கு” என்றார். அக்கா சிரிக்காமல் நோட்டை மூடி வைத்துவிட்டார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கருவி அது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நல்லவேளை, நான் விண்ணப்பிக்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்டை கிழிந்த நீள நோட்டு. பெயர், சந்தா, தேதி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கும். ஓரத்தில் பென்சிலில் அக்கா எழுதியவை: ‘மகன் போனை எடுக்க மாட்டான், சாயங்காலம் நேரில் போ.’ ‘காது கேட்காது, இடப்பக்கம் நின்னு பேசு.’ ‘புருஷன் முன்னாடி மகப்பேறு பணத்தைப் பத்திப் பேசாதே.’ கணக்கு எழுதுகிறவன் பார்வையில் பார்த்தால் இதெல்லாம் கிறுக்கல். முதல் வருடம் அதை அழிக்கச் சொல்லி நான் சண்டைகூடப் போட்டேன்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விபத்து இழப்பீட்டு மனுவில் பெயரில் ‘ள’வுக்குப் பதில் ‘ல’ போட்டுவிட்டேன். அடையாள அட்டையில் ஒரு பெயர், மனுவில் இன்னொரு பெயர். சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து படுத்திருந்தவருக்கு ஏழு மாதம் பணம் வரவில்லை. அவர் மனைவி வாரா வாரம் வந்து, “வந்துடுச்சா தம்பி?” என்பார். என் பேனாதான் காரணம் என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

குழந்தைகள் காப்பகமும் நடத்திப் பார்த்தோம். அரசுக் காப்பகம் திறக்கும்போது தாய்மார்கள் வேலைக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதனால் விடியும் முன்னே திறக்கிற மாதிரி ஓர் அறை எடுத்தோம். முதல் வாரம் ஆறு குழந்தைகள், மூன்றாவது மாதம் பத்தொன்பது. பார்த்துக்கொண்டவர்கள் முதுகுவலியால் சுமை தூக்க முடியாமல் போன இரண்டு உறுப்பினர்கள். மூத்த பிள்ளைகள் தங்கச்சி தம்பியைப் பார்த்துக்கொள்ளத் தேவையில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். தாய்மார்கள் மாதத்தில் கூடுதலாக நாலைந்து நாள் வேலைக்குப் போனார்கள், அது சந்தாக் கணக்கிலேயே தெரிந்தது. பதினாலு மாதத்தில் நன்கொடை நின்றது, அறையைக் காலி செய்தோம். சேவாவின் காப்பகப் பணியாளர்கள் 1986இல் தங்களுக்கென்றே ‘சங்கினி’ என்ற கூட்டுறவை அமைத்துக்கொண்டார்கள். பிள்ளை பார்ப்பதும் கூலி வேலைதான், அதைச் செய்கிறவர்களும் தொழிலாளிகள்தான் என்ற கணக்கு அதில் இருக்கிறது. நாங்கள் அந்த இரண்டு பேருக்கும் ‘ஊக்கத்தொகை’ என்று எழுதி ஏதோ கொடுத்தோம். கூலி என்று எழுதியிருந்தால் தொகையைப் பார்த்து எங்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அக்காவுக்கும் தகராறு. அரசு செய்ய வேண்டிய வேலையை நாம் ஏன் சம்பளமில்லாமல் செய்து கொடுக்க வேண்டும் என்பது என் கேள்வி. நாம் செய்யச் செய்ய அவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது. நான் எடுத்துக்காட்டுவது புனேயை. அங்கே குப்பை பொறுக்குபவர்கள் 1993இல் காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்று சங்கம் அமைத்தார்கள். தாங்கள் பிரித்து எடுப்பதால் மாநகராட்சிக்குக் குப்பை அள்ளும் செலவு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டே காட்டினார்கள். (கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா!) மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வந்தது. மருத்துவக் காப்பீட்டுக்கு மாநகராட்சியே பிரீமியம் கட்டியது. 2008இல் அவர்களுடைய ‘ஸ்வச்’ கூட்டுறவு வீடு வீடாகக் குப்பை சேகரிக்க மாநகராட்சியோடு ஒப்பந்தமே போட்டுக்கொண்டது. கேட்டதெல்லாம் கணக்கோடு கேட்டார்கள்.

தாய்லாந்தை இன்னும் அடிக்கடி சொல்வேன். எல்லோருக்குமான மருத்துவத் திட்டம் வேண்டும் என்று அங்கே மக்கள் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மசோதாவை முன்வைத்தன. முறைசாராத் தொழிலாளர்களின் வலையமைப்புகளும் அதில் இருந்தன. 2002இல் சட்டம் வந்தது. அந்தத் திட்டத்தை நடத்தும் வாரியத்தில் மக்கள் அமைப்புகளுக்கு ஐந்து இடங்கள். வேறு அரசுக் காப்பீட்டில் இல்லாத குடிமகன் யாராக இருந்தாலும் உள்ளே வரலாம். உனக்கு வேலை தருபவர் யார் என்று மருத்துவமனை வாசலில் கேட்பதில்லை.

அதாவது அந்தக் கட்டமே இல்லை. அதுதான் எனக்கு வேண்டும் என்றேன்.

அக்கா முழுவதும் கேட்டுக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. கையெழுத்து வாங்கலாம், நானும் வரேன். இப்ப வெளிய பதினோரு பேர் உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்றது?” என்றார். பதில் இல்லை. அடுத்த படிவத்தை எடுத்தேன். அவர் சொல்வது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொல்வது தப்பு என்று அவரும் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவையாவது இந்த வாக்குவாதம் நடக்கிறது.

போன மாதம் நோட்டு முழுவதையும் கணினியில் ஏற்ற ஆரம்பித்தேன். பெயர், பிறந்த தேதி, தொழில், சந்தா என்று பத்திகள் பிரித்து அழகாகப் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“இடப்பக்கம் நின்னு பேசணும்னு எங்க இருக்கு?” என்றார்.

கடைசியில் ‘குறிப்பு’ என்று இன்னொரு பத்தி சேர்த்தேன். மற்ற எல்லாப் பத்திகளையும் சேர்த்தாலும் அதுதான் அகலமாக வருகிறது, அச்சடித்தால் தாளுக்குள் அடங்கவில்லை. தாளைப் படுக்கை வாட்டில் திருப்பிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.