கோயில் பாத்திரத்தில் விருந்து

போன வாரம் மகளுக்குப் பள்ளியில் ஒரு பழைய கார்ட்டூனைக் கொடுத்து, இது என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், அவள் படிப்பது எட்டாம் வகுப்பு. படம் 1884 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தது. நியூயார்க்கின் 'வேர்ல்ட்' நாளேட்டில் அக்டோபர் 30 அன்று, வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, முதல் பக்கத்தில் பெரிதாக வந்தது. வரைந்தவர் வால்ட் மக்டூகல். நீளமான மேசை, அதைச் சுற்றிக் கொழுத்த பணக்காரர்கள், நடுவில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெயின். மேசைக்கு இந்தப் பக்கம் கந்தல் உடுத்திய கணவன், மனைவி, ஒரு குழந்தை. மிச்சம் மீதி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு நிற்கிறார்கள். தலைப்பு, பெல்ஷாத்சார் பிளெயினும் பண ராஜாக்களும் உண்ட அரச விருந்து.

மகள் கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். பணக்காரர்கள் சாப்பிடுகிறார்கள், ஏழைகள் பட்டினி கிடக்கிறார்கள், அது அநியாயம். அவ்வளவுதான். தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. "பெல்ஷாத்சார் யார் தெரியுமா?" என்று கேட்டேன். "யாரோ ஒரு ராஜாம்மா" என்றாள்.

பாளையங்கோட்டையில் சாயங்கால ஜெபத்துக்கு ஆச்சி வேதாகமத்தை விரித்தால், பிள்ளைகள் நாங்கள் கேட்டுக் கேட்டு வாசிக்கச் சொல்வது தானியேல் ஐந்தாம் அதிகாரம். பாபிலோன் ராஜா பெல்ஷாத்சார் ஆயிரம் பிரபுக்களுக்கு விருந்து வைக்கிறான். நடு விருந்தில் ஒரு மனிதக் கைவிரல் மட்டும் தோன்றிச் சுவரில் எழுதுகிறது, மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். 'நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்' என்று தானியேல் அதற்கு அர்த்தம் சொல்லும் இடத்தில் ஆச்சியின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். அன்று ராத்திரியே ராஜா கொல்லப்படுகிறான்.

1884-இல் அந்த நாளேட்டைக் கையில் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதை எங்களுக்குப் போலவே பாடமாக இருந்திருக்கும். தலைப்பில் பெல்ஷாத்சார் என்ற ஒரு பெயரைப் பார்த்த உடனே, இவன் இன்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறான், சீக்கிரமே விழப்போகிறான் என்று மீதியை அவர்களே முடித்துக்கொள்வார்கள். ஓவியர் அதை எழுதிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. பழைய கார்ட்டூன்கள் நமக்குப் புரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். படம் அப்படியே இருக்கிறது, பார்த்தவர்களின் தலைக்குள் இருந்த கதை நம்மிடம் இல்லை.

மகளிடம் கதையை முழுசாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதுதான் இத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று எனக்கே உறைத்தது. பெல்ஷாத்சார் செய்த குற்றம் அளவுக்கு மீறிச் சாப்பிட்டது இல்லையே. எருசலேம் தேவாலயத்திலிருந்து கொண்டுவந்த பொன் பாத்திரங்களை எடுத்துவரச் சொல்லி, அதில் திராட்சரசம் ஊற்றிக் குடித்தான். தனக்கு உரிமையில்லாத, ஊருக்கே புனிதமான பொருளில் விருந்து உண்டான். சரி, இப்போது மேசையைப் பார் என்றேன். சாப்பாட்டுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கிறது. ஏகபோக சூப், லாபி (அரசிடம் காரியம் சாதிக்க ஆள் வைத்துப் பேசுவது) புட்டிங், கடற்படை ஒப்பந்தம், அரசுப் பதவி நியமனம், அப்புறம் ரயில்வே முதலாளி ஜே கூல்டின் பெயரிலேயே ஒரு பை. இதில் ஒப்பந்தமும் பதவியும் யாருடையவை? மக்களுடையவை. அப்போது அந்தக் குழந்தையோடு நிற்கும் குடும்பம் பிச்சை கேட்கிறதா, அதன் சொத்தைத்தான் அதன் கண்முன்னே தின்றுகொண்டிருக்கிறார்களா? மகள் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

இது வெறும் கற்பனை விருந்தும் இல்லை. முந்தின நாள் இரவுதான் நியூயார்க்கின் பெரிய உணவகமான டெல்மோனிகோஸில் பிளெயினுக்குப் பணக்காரர்கள் நிஜமாகவே விருந்து வைத்தார்கள். கூல்டும் வந்திருந்தார். அந்த வருஷம் மே மாதம் நியூயார்க்கில் நிதி நெருக்கடி வந்து, நாடெங்கும் வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்த சமயம். இன்னொன்று, இதைப் போட்ட 'வேர்ல்ட்' ஒரு வருஷத்துக்கு முன்பு வரை கூல்டுக்கே சொந்தமாக இருந்தது. 1883-இல்தான் பத்திரிகை முதலாளி ஜோசப் புலிட்சர் அவரிடமிருந்து வாங்கினார்.

நியூயார்க் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்து வெறும் 1,100 வாக்கு அளவு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். பதிவான வாக்குகளோ பதினொரு லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவில் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள்; அந்த மாநிலத்தின் 36 தேர்வாளர் வாக்குகள் மட்டும் இடம் மாறியிருந்தால் பிளெயின் அதிபர். அதனால் ஒரு கார்ட்டூன் ஓர் அதிபர் வேட்பாளரைத் தோற்கடித்தது என்று சொல்லத் தோன்றும், பலர் சொல்லவும் செய்கிறார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. விருந்து நடந்த அதே நாள் காலையில்தான் பர்ச்சர்ட் என்ற பாதிரியார், பிளெயினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எதிர்க்கட்சியை சாராயம், ரோமன் கத்தோலிக்க மதம், கலகம் மூன்றையும் வளர்க்கும் கட்சி என்று பேசினார். பிளெயின் உடனே மறுக்கவில்லை. ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கொதித்துப்போனார்கள். ஆயிரம் சொச்சம் வாக்கில் முடிந்த தேர்தலில் எது எத்தனை பேரை மாற்றியது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மகளுக்குச் சுவாரஸ்யம் பிடித்துவிட்டதால் அதே தேர்தலின் இன்னொரு படத்தையும் காட்டினேன். 'பக்' என்ற வண்ண வார இதழில் ஜூன் 4 அன்று பெர்னார்ட் கில்லம் வரைந்தது. பிளெயின் கிட்டத்தட்ட அம்மணமாக நிற்கிறார், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறது. குத்தியிருப்பது பூவும் கொடியும் இல்லை, அவர் மேல் சொல்லப்பட்ட ஊழல்களின் பெயர்கள். ரயில்வே கம்பெனி விவகாரத்தில் அவர் எழுதிய கடிதங்களும் அதில் உண்டு. ஒரு கடிதத்தின் முடிவில் 'இதை எரித்துவிடுங்கள்' என்று அவரே எழுதியிருந்தது, ஊர்வலங்களில் கோஷமாகவே ஆகிவிட்டது.

இந்தப் படத்துக்கு மூலம் பிரெஞ்சு ஓவியர் ஜெரோமின் ஓர் ஓவியம். கிரேக்க அழகி ஃபிரைனி மேல் வழக்கு, தண்டனை உறுதி என்ற நிலையில் அவளுக்காக வாதாடுபவர் ஆடையை உருவிவிடுகிறார், அழகைப் பார்த்து நீதிபதிகள் விட்டுவிடுகிறார்கள். கார்ட்டூனில் பிளெயினின் போர்வையை உருவுவது அவருடைய எதிரி என்றுதானே நினைப்போம்? உருவுபவர் அவரை ஆதரித்த 'டிரிப்யூன்' நாளேட்டின் ஆசிரியர் ஒயிட்லா ரீட். பாருங்கள் எங்கள் ஆள் எவ்வளவு அழகு என்று நண்பரே காட்டப்போய், ஊழல் மொத்தமும் வெளியே தெரிகிறது. ஜெரோமின் ஓவியத்தைத் தெரியாமல் இந்தக் குத்தலை நாம் பிடிக்கவே முடியாது. பச்சை குத்தினால் கழுவினாலும் போகாது என்பதை மட்டும் எந்த ஊரிலும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது படம் மறுபக்கத்தினுடையது. 'ஜட்ஜ்' இதழில் ஃபிராங்க் பியர்ட் வரைந்தது, செப்டம்பர் 27. கிளீவ்லாந்துக்கு பஃபலோ நகரில் மரியா ஹால்பின் என்ற பெண்ணிடம் திருமணத்துக்கு வெளியே ஒரு குழந்தை பிறந்ததாகச் செய்தி வந்திருந்தது, குழந்தைக்குப் பொறுப்பேற்றதை அவர் மறுக்கவில்லை. படத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள், கையிலிருக்கும் குழந்தை 'எனக்கு அப்பா வேண்டும்' என்று கத்துகிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கிளீவ்லாந்து தன்னைப் பலவந்தப்படுத்தினார் என்று மரியா அந்த அக்டோபரிலேயே உறுதிமொழி கொடுத்துச் சொன்னார். குழந்தையை மரியாவிடமிருந்து எடுத்து அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள், அவரையே கொஞ்ச காலம் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். ஒரு கட்சிக்கு அவர் கண்ணீர் பயன்பட்டது, இன்னொரு கட்சி அவரைக் குடிகாரி என்றும் ஒழுக்கம் கெட்டவள் என்றும் தூற்றியது. கேலி செய்யப்பட்ட வேட்பாளர்கள் இருவருக்கும் பதில் சொல்லப் பத்திரிகைகள் இருந்தன. மரியாவுக்கு எது இருந்தது? கருத்துப்படத்தில் யாரைத் தாக்குகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்தத் தாக்குதலுக்கு யாரைக் கல்லாகத் தூக்கி எறிகிறார்கள் என்று பார்க்காமல் விட்டால் பாதிதான் படித்திருக்கிறோம்.

இதில் எவ்வளவு ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் சொல்வது என்று கொஞ்சம் தயங்கினேன், அப்புறம் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவங்க முகமே தெரியலையேம்மா" என்றாள். முதல் படத்தை மறுபடி எடுத்து, மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற அந்தக் குடும்பத்தின் முகங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கட்டுரையில் விருந்தைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும், அதை எழுதினாள், தேவாலயப் பாத்திரத்தையும் சேர்த்து. தாளின் அடியில் இடம் மிச்சமிருந்தது. அதில் மரியா ஹால்பினைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாள். கேள்விக்கு அது பதில் இல்லைதான், ஆனால் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.