வெள்ளி யானையும் மூடாத கேப்ஸ்யூலும்

சோமாலியா பெயரில் ஆண்டுதோறும் வரும் யானை வெள்ளிக் காசு வரிசையில் எனக்கு 2008 மட்டும் பாக்கி. தேடித் தேடி ஒருவழியாகக் கைக்கு வந்தது. வந்தது போலி. இரண்டரை மாதம் மல்லுக்கட்டி, போன வாரம்தான் பணம் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் இதை எழுதுகிறேன். விற்றவர் மேல் உள்ள கடுப்பு மட்டும் இன்னும் தீரவில்லை.

ஆனால் முதல் கோளாறு என்னுடையது. தென்னாப்பிரிக்காவின் பிக் ஃபைவ் என்ற விலங்கு வெள்ளிக் காசு வரிசை 2019-ல் யானையோடு தொடங்கியபோது, அதற்கென்று 38.7 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல்கள், அதாவது காசை வைத்து மூடும் வட்டமான பிளாஸ்டிக் கூடுகள், நிறைய வாங்கிப் போட்டிருந்தேன். சோமாலியா யானையும் அதே ஒரு அவுன்ஸ், அதே வெள்ளி, அதே கேப்ஸ்யூல் போதும் என்று கணக்குப் போட்டேன். போதாது. அது 39 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டரில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். காசு உள்ளே போகவில்லை. விளிம்பின் வரிகளில் ஓரிடம் நசுங்கி மழுங்கியதுதான் மிச்சம். அந்த 2011 யானையைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல். அவுன்ஸைப் பார்த்து கேப்ஸ்யூல் வாங்காதீர்கள், விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

சரியான கேப்ஸ்யூல் வருவதற்குள் சுங்கத்தில் ஒரு கூத்து. வெளிநாட்டிலிருந்து 2013 காசை அனுப்பியவர், உறையின் மேல் 'வெள்ளி, அன்பளிப்பு' என்று எழுதித் தொலைத்திருந்தார். பொட்டலத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். போய் நின்றேன். கவுண்ட்டரில் இருந்தவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நகைதானே?"

"இல்லைங்க, காசு."

"காசு என்றால் ஒரு தலை இருக்க வேண்டாமா?"

தலை இருக்கிறது, யானைத் தலை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சோமாலியாக் காசு என்கிறீர்கள், ஜெர்மனியிலிருந்து ஏன் வருகிறது என்று அடுத்த கேள்வி. பேருக்குத்தான் சோமாலியா, அச்சடிப்பது ம்யூனிக்கில் இருக்கும் பவேரிய அரசு நாணயச்சாலை என்று விளக்கினேன். அதன் பிறகு சந்தேகம் இன்னும் கூடியதுதான் பலன். ரசீதில் என்ன ஆண்டு, என்ன மதிப்பு, என்ன எடை என்று எதுவுமே இல்லை. முழு விவரத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் வீண்.

மறுமுறை, அந்த 2013 காசை அனுப்பியவரிடம் விவரமான ரசீது கேட்டு வாங்கி, ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போனேன். காசின் சின்னம் உள்ள பக்கத்தில் '100 ஷில்லிங்' என்று பொறித்திருப்பதை அவர் கண்ணாடி வழியே படித்ததும் முகம் மாறியது. நாணயங்களுக்கான சுங்கத் தலைப்பு 7118, நகைக்கு 7113. முன்னதில் சேர்த்துக்கொண்டார். வரி கட்டினேன், ஆனால் நகையாக அல்ல, காசாக! ஆகவே அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அன்பளிப்பு, பதக்கம், நினைவுப் பொருள் என்றெல்லாம் எழுத வேண்டாம், நாணயம், நாடு, ஆண்டு, முகமதிப்பு, எடை, இவ்வளவும் தாளில் இருக்க வேண்டும்.

அப்புறம் 39 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல்கள் வந்தன. 2004 முதல் ஒவ்வொரு யானையாக உள்ளே வைத்து அழுத்த, டக், டக் என்று மூடிக்கொண்டே வந்தன. (ஜாம்பியா பெயரில் 1999 முதல் 2003 வரை வந்த யானைகளை இப்போதைக்கு நினைக்கவில்லை. அது தனிச் செலவு.) 2008-ல் மட்டும் டக் வரவில்லை. காசு குழிக்குள் நன்றாகவே உட்கார்ந்தது, மூடி மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏற்கெனவே சூடு கண்டவன், அழுத்தவில்லை. வேறு கேப்ஸ்யூல் மாற்றினேன். அதுவும் மூடவில்லை. விட்டம் சரி, தடிமன்தான் கூட!

தராசில் வைத்தேன், 31.1 கிராம், சரியாக இருந்தது. சாதாரணக் காந்தம் ஒட்டவில்லை. இந்த இரண்டையும் மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள்தான் அதிகம், நானும் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தேன். எடையைச் சரியாக வைத்து மட்டமான உலோகத்தில் அடித்தால் காசு பருத்துத்தான் ஆகவேண்டும். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், பித்தளை அதைவிட லேசு.

உறுதிப்படுத்த ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். இரண்டு தசமம் காட்டும் தராசில் கோப்பையை வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு. ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு ஏறக்குறைய 2.97 வரவேண்டும். என் 2007 காட்டியது 2.97, 2009 காட்டியது 2.96. 2008 காட்டியது 3.61. காசின் அடியில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும், ஆட்டி விடுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீராக இருந்தால் கறை விழாது. எடுத்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

அதற்குப் பிறகுதான் கண்ணும் விழித்துக்கொண்டது. சோமாலியாச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கும் இரண்டு சிறுத்தைகளின் காலடியில் ஈட்டிகள் குறுக்காகக் கிடக்கும். 2009-ல் ஈட்டி தனியாக, கால் தனியாகத் தெரிகிறது. போலியில் இரண்டும் வெல்லப்பாகு மாதிரி ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. இதை முதல் நாளே பார்த்திருக்கலாம்.

அந்த 2008-ஐ விற்றவரிடம் கேட்டால், "உங்கள் கேப்ஸ்யூல்தான் சரியில்லை, எடை சரியாக இருக்கிறதே" என்றார். திருப்பும் கெடுவும் முடிந்துவிட்டது என்று அடுத்த கடிதம். என்னைக் காப்பாற்றியது பொட்டலம் பிரிக்கும்போது ஏதோ தோன்றி எடுத்த வீடியோ. கூடவே மூன்று காசுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் தொங்கவிட்ட வீடியோவையும் சேர்த்து, பணம் செலுத்திய அட்டையின் வழியாகத் தகராறு பதிவு செய்தேன். மூன்று முறை அதே விவரத்தை அதே மாதிரி எழுதவேண்டி வந்தது. சலித்துப் போய் விட்டுவிடாதீர்கள், அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

வேறு ஒருவரிடம் வாங்கிய 2008 நேற்று வந்தது. முதலில் கோப்பை, பிறகுதான் கேப்ஸ்யூல். 2.96. டக்.

38.7 கேப்ஸ்யூல்கள்தான் பத்துக்கு மேல் சும்மா கிடக்கின்றன. பிக் ஃபைவ் சிறுத்தை ஒன்று வாங்கிவிடலாமா என்று யோசனை.