சவுக்கு வெட்டிய கொல்லையில் வெளுத்த கம்பு

மரக்காணத்துக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் கொல்லை. அப்பா கைவிட்ட பிறகு பல வருஷம் தரிசு. புல்கூடச் சரியாக முளைக்காது. 2015-ல் சவுக்கு வைத்தேன். ஐந்தாம் வருஷம் ஒரு ஏக்கரை வெட்டினோம். தரையில் நாலு விரல் கனத்துக்குச் சருகு. இவ்வளவு எருவா என்று பூரித்துப்போய், மிலாறு (சின்னக் குச்சிகள்) உட்பட எல்லாவற்றையும் ரொட்டவேட்டர் விட்டு மடக்கி, அடுத்த வாரமே கம்பு விதைத்தேன்.

இருபதாம் நாள் அடி இலையெல்லாம் மஞ்சள். தழைச்சத்து (நைட்ரஜன்) பஞ்சம்! சவுக்கு வேரில் ஃபிராங்கியா என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். பிடுங்கிய தூரில் பவளக் கொத்துப் போன்ற அந்த முடிச்சுகளை நானே கையில் வைத்துப் பார்த்தவன். அப்புறம் ஏன் பஞ்சம்?

சருகில் கரிமம் ஏராளம், தழைச்சத்து கொஞ்சம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் போதாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பந்தியில் கம்புக்கு முன்னால் அவை உட்கார்ந்துவிட்டன. அவை செத்து மட்கினால்தான் எடுத்தது திரும்பி வரும். மூன்று நாலு மாதம் பொறுத்திருக்க வேண்டும். நான் ஒரு மூட்டை யூரியாவைப் போட்டுத் தப்பித்தேன் (இயற்கை விவசாய நண்பர்கள் மன்னிக்கவும்).

வெட்டாத ஏக்கரின் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கன்று வைக்கும் முன் கரிமம் 0.3 சதவீதம்; இப்போது 0.4. மண் பரிசோதனை அட்டையில் இரண்டுக்கும் 'குறைவு' என்றே போட்டிருந்தது. 0.5-க்குக் கீழே எல்லாம் குறைவுதானாம். எரிச்சலில் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் ஆறு அங்குல ஆழத்துக்கு மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் கூடியிருக்கிற 0.1 சதவீதம் என்றால் 900 கிலோ கரிமம். மட்கில் பத்துப் பங்கு கரிமத்தோடு ஒரு பங்கு தழைச்சத்து சேர்ந்திருக்கும். ஆக 90 கிலோ. யூரியாவாக வாங்கினால் நாலு மூட்டைக்கு மேல். வருஷத்துக்கு நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் பயிருக்குக் கிடைக்கிற மாதிரி அவிழும், சரி. ஆனால் வெட்டிய ஏக்கரில் உழ உழ, மட்கு காற்றுப்பட்டுச் சீக்கிரம் கரைகிறது.

கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் செருப்பைக் கழற்றி நடந்து பார்த்தால் மண் மெத்தென்று அமுங்கும். என் மண்ணும் அப்படி ஆகவேண்டும் என்ற ஆசையில்தான் வெட்டாத ஏக்கரில் ஊடே புங்கன், பூவரசு, வேம்பு நட்டேன். போன மாதம் சவுக்கு வியாபாரி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து விலை சொன்னார். நல்ல விலைதான். இன்னும் பதில் சொல்லவில்லை.