கூடை வித்த வீட்டுக்கே திரும்ப போன் பண்ணினேன்

போன வருஷம் தீபாவளி முடிஞ்சதுல இருந்து தை பொறக்குற வரைக்கும் நான் வித்த ஒயர் கூடை மொத்தமே 3. அதுல ஒண்ணு எங்க நாத்தனார் வாங்கினது. கட்டிலுக்கு அடியில பழைய பெட்ஷீட் போட்டு மூடி 11 கூடை இருந்துச்சு, பெருக்கும்போதெல்லாம் விளக்கமாறு அதுல இடிக்கும், இடிக்கிறப்ப எல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிடும். காசு வரலைங்கிறது கூட சமாளிச்சுக்கலாம், எனக்கு பயமா இருந்தது என்னன்னா கை ஒயரை எடுக்கவே மாட்டேங்குது. நாலு முழமா அளந்து வெட்டி வச்ச பச்சை ஒயர் கதவு ஆணியில ரெண்டு வாரமா தொங்கிட்டே இருந்துச்சு. எட்டு வயசுல அம்மா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்ட கை இது, அது இப்படி நின்னு போனா நான் என்ன பண்றதுன்னு இருந்துச்சு.

நான் இருக்கிறது ஸ்ரீரங்கம். இதை தொழில்னு ஆரம்பிச்சது 2019ல. அந்த வருஷம் ஜனவரி 1ஆம் தேதியில இருந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப் போடுற 14 வகை பிளாஸ்டிக்குக்கு தடை வந்துச்சு இல்ல, கடைக்காரங்க கேரி பேக் கிடையாதுன்னு சொன்னதும் எல்லாருக்கும் அம்மா காலத்து கூடை ஞாபகம் வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு கேட்டாங்க, அவங்க தங்கச்சி ரெண்டு, அப்புறம் கொலுவுக்கு தாம்பூலம் வச்சுக் கொடுக்க உள்ளங்கை அகல சின்ன கூடை 25ன்னு ஒரு மாமி, அப்படியே போச்சு. அப்ப நான் எதுவுமே பெருசா பண்ணலை, வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ ஸ்டேட்டஸ் வச்சா போதும், சாயந்திரத்துக்குள்ள யாராவது "இது யாருக்குப்பா, எனக்கு ஒண்ணு"ன்னு கேட்டுடுவாங்க.

அது குறைஞ்சப்ப நான் பண்ணினது எல்லாமே தப்பு. முதல்ல விலையை குறைச்சேன். நடுத்தர சைஸ் கூடைக்கு ஒயரும் கைப்பிடி டியூபும் அடியில வைக்கிற புஷ்ஷும் சேர்த்து எனக்கு 210 ரூபா ஆகுது, 550க்கு வித்துட்டு இருந்ததை 400 ஆக்கினேன். வீட்டு வேலைக்கு நடுவுல போட்டாலும் ஒரு கூடைக்கு கை வேலை மட்டும் பத்து மணி நேரம், அப்ப மணிக்கு 19 ரூபா. இந்த கணக்கை ஒருநாள் ராத்திரி பேப்பர்ல போட்டுப் பாத்ததுக்கு அப்புறம்தான் கை சுத்தமா நின்னது, விக்காததுனால இல்ல. சோர்வா இருக்குன்னு சொல்ற எல்லாரும் முதல்ல இந்த கணக்கை போட்டுப் பாருங்கன்னு நான் சொல்லுவேன். நிறைய பேருக்கு ஆர்வம் போனது விக்காததால இல்ல, குறைச்சு வித்ததால.

அப்புறம் ஸ்டேட்டஸ். ஒரு நாளைக்கு நாலு தடவை வச்சேன், அது 24 மணி நேரத்துல போயிடும்னு திரும்ப திரும்ப அதையே வச்சேன். பாத்தவங்க எல்லாம் ஏற்கனவே என்கிட்ட வாங்கினவங்கதான், அவங்க எதுக்கு திரும்ப வாங்கணும். ஒரு கடையில வித்தா காசு தர்றோம்னு 5 கூடை வாங்கி வச்சாங்க, நாலு மாசம் வெயில் படுற மாதிரி வெளியில தொங்கவிட்டு சிவப்பு கலர் எல்லாம் வெளுத்து திரும்ப வந்துச்சு, வெயில்ல கிடந்த ஒயர் விறைச்சு போயிடும், மடக்கினா ஒடியும், அதை யார்கிட்டயும் கொடுக்க முடியாது.

வெளியூருக்கு அனுப்பலாம்னா கொரியர்ல கூடையோட எடையை மட்டும் பாக்கறதில்ல, அது அடைக்கிற இடத்தையும் பாத்து எது அதிகமோ அதுக்குத்தான் காசு போடறாங்க. நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க. 35க்கு 20க்கு 30 இருக்கிற பெட்டின்னா 21000, வகுத்தா 4.2 கிலோ, ஆனா கூடை நிஜத்துல முக்கால் கிலோ கூட வராது. கோயம்புத்தூர்ல இருந்து ஆசையா கேட்ட ஒரு பொண்ணு கொரியர் காசை கேட்டுட்டு வேண்டாம் அக்கான்னு சொல்லிடுச்சு, அது மேல தப்பு சொல்ல முடியாது. இப்ப யாராவது வெளியூர்ல கேட்டா பெரிய கூடைக்குள்ள நடுத்தரம், அதுக்குள்ள சின்னதுன்னு மூணும் ஒரே பெட்டியில போற மாதிரி இருந்தா மட்டும்தான் சரின்னு சொல்றேன்.

மாறினது ஒரு நோட்டால. ஆரம்பத்துல இருந்து யாருக்கு என்ன கலர், எந்த முடிச்சு, என்ன தேதின்னு ஒரு லாங் சைஸ் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். பொங்கலுக்கு வீடு ஒழிக்கிறப்ப அதை எடுத்து உக்காந்து படிச்சேன். 62 பேர் இருந்தாங்க. அதுல 44 பேர் ஒரே ஒரு தடவை வாங்கினவங்க, அதுக்கப்புறம் நான் அவங்ககிட்ட பேசினதே இல்ல. இதுல என்ன விஷயம்னா ஒயர் கூடை பத்து வருஷம் உழைக்கும், நல்லா போட்டா அதுக்கு மேலயும் வரும். புடவை மாதிரி, ஊறுகாய் மாதிரி திரும்ப வாங்க வர்ற பொருள் இல்ல இது. நல்லா போடறதுனாலயே வியாபாரம் நிக்குது, ஆனா அதுக்காக மட்டமா போட முடியுமா? முடியாது. அப்ப வித்ததுக்கு அப்புறம் அந்த கூடைக்கு என்ன தேவைப்படும்னு யோசிச்சேன், முதல்ல விடறது கைப்பிடிதான்.

மறுநாளே போன் எடுத்துட்டு உக்காந்தேன். விக்கிறதுக்கு இல்ல. "மாமி, நீங்க 2020ல வாங்கின நீலமும் வெள்ளையும் சிவன் கண் முடிச்சு கூடை எப்படி இருக்கு, கைப்பிடி தளர்ந்திருக்கா, இருந்தா கொண்டு வாங்க நான் மாத்தித் தர்றேன்"னு மட்டும் கேட்டேன். ஒரு நாளைக்கு அஞ்சு பேர், அதுக்கு மேல இல்ல, ஏன்னா ஒவ்வொருத்தரும் அரை மணி நேரம் பேசறாங்க. கலர் கூட ஞாபகம் வச்சிருக்கியேடின்னு ஒரு மாமி அழுகிற மாதிரி ஆயிட்டாங்க. அந்த வாரமே ஆறு கூடை வீட்டுக்கு வந்துச்சு, பழசு.

அந்த ஆறுல ஒண்ணு நான் போட்டதே இல்ல. வடக்கு சித்திரை வீதியில இருக்கிற மாமி அவங்க அம்மாவோடதை கொண்டு வந்தாங்க, அரக்கும் மஞ்சளும் கலந்த நெல்லிக்காய் முடிச்சு, கோயிலுக்கு தேங்காய் பழம் எடுத்துட்டு போன கூடை. ஒரு பக்க கைப்பிடி அறுந்து சணல் போட்டு கட்டியிருந்துச்சு. "அம்மா கை பட்டது, தூக்கிப் போட மனசு வரலை, உன்னால ஆகுமான்னு பாரு"ன்னாங்க. நான் கைப்பிடியை பிரிச்சேன். நான் எப்பவும் மேல இருந்து ரெண்டாவது வரிசையில கைப்பிடி கோப்பேன், அந்த அம்மா நாலாவது வரிசையில கோத்திருந்தாங்க, வெயிட்டு ஒரே முடிச்சுல விழாம பரவி நிக்குது. விளிம்பு மடிச்ச இடத்துல விரலை விட்டுப் பாத்தா ஒவ்வொரு ஒயர் நுனியும் உள்பக்கமா நாலு முடிச்சு வரைக்கும் சொருகியிருக்கு, ஒரு நுனி கூட வெளிய நீட்டலை, கையை உள்ள விட்டா எங்கயும் குத்தலை. நான் கொஞ்ச நாளா ரெண்டு முடிச்சு சொருகிட்டு வெட்டி விட்டுட்டு இருந்தேன், சீக்கிரம் முடிக்கணும்னு. அந்த அம்மாவுக்கு யாரும் காசு கொடுக்கலை, யாரும் பாக்கப் போறதும் இல்லை, உள்பக்கம் அது. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு கதவு ஆணியில தொங்கின பச்சை ஒயரை எடுத்தேன், அடிக்கு முடிச்சு எண்ணி போட ஆரம்பிச்சு நிமிர்ந்து பாத்தா மணி பன்னெண்டரை.

கைப்பிடி மாத்த ஜோடிக்கு 120 ரூபா வாங்கறேன். அது பெரிய காசு இல்ல, ஆனா பழைய கூடை கொண்டு வர்றவங்க சும்மா போறதில்ல, உக்காந்து பேசிட்டு கட்டிலுக்கு அடியில இருக்கிறதை எடுத்து மடியில வச்சுப் பாக்கறாங்க, பேத்திக்கு டிபன் கூடை ஒண்ணுன்னு சொல்றாங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது டிபன் கூடை 9 போச்சு. கூடையை தொட்டுப் பாக்கணும், அழுத்திப் பாக்கணும், போன்ல பாத்தா அது வெறும் கலர்தான். அதனால ஒரு வீட்டுல வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமம் சொல்ல பத்து பதினஞ்சு பேர் கூடுவாங்க, அங்க போறப்ப பூவும் சொம்பும் என் கூடையிலயே எடுத்துட்டு போறேன், சுண்டல் சாப்பிடும்போது யாராவது கேப்பாங்க, கேட்டா மட்டும் சொல்லுவேன். எங்க தெரு மகளிர் குழு அக்கா வழியா ஒரு காலேஜ்ல மகளிர் குழு பொருளை விக்கிற கல்லூரி சந்தை போட்டப்ப ஒரு மூலையில இடம் கிடைச்சுது, அங்க உக்காந்து முடிச்சு போட்டுட்டே இருந்தேன், பொண்ணுங்க சுத்தி நின்னு பாத்தாங்க, ரெண்டு பேர் கீழ உக்காந்து கத்துக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே நாள்ல 7 கூடை போச்சு.

அதுல ஒரு பொண்ணு கேட்டுச்சு, "அக்கா இதுவும் பிளாஸ்டிக் தானே?" ஆமாம்மா பிளாஸ்டிக்தான்னு சொன்னேன். அதனாலதான் இது பத்து வருஷம் வரணும், வரலைன்னா இதை நான் போடவே கூடாது, கைப்பிடி போனா என்கிட்ட கொண்டு வா, நான் இருக்கிற வரைக்கும் மாத்தித் தர்றேன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு தெரிஞ்சுது நான் என்ன விக்கிறேன்னு. இப்ப ஒவ்வொரு கூடையோடயும் ஒரு சின்ன அட்டையில தேதியும் என் நம்பரும் எழுதி கட்டித் தர்றேன்.

விலை திரும்ப 550 ஆக்கிட்டேன். நுனி நாலு முடிச்சு சொருகறதுனால இன்னும் ஒரு மணி நேரம் கூடத்தான் ஆகுது. அடுத்த கொலுவுக்குள்ள 600 ஆக்கலாம்னு இருக்கேன். சொந்தக்காரங்க "வீட்டுல சும்மா இருக்கிறப்ப போடறது தானே, நமக்குள்ள என்ன"ன்னு குறைச்சு கேட்டா இப்ப நோட்டை காட்டிடறேன், எத்தனை மணி நேரம்னு அதுல எழுதியிருக்கு, அதுக்கு மேல யாரும் பேசறதில்ல. மார்கழியில இப்பவும் மந்தம்தான், கல்யாணம் கிடையாது, எல்லாரும் காலையில கோயில், அந்த மாசத்தை பழைய கூடை ரிப்பேருக்கும் தைக்கு வேண்டிய ஸ்டாக்குக்கும்னு ஒதுக்கிட்டேன், அதனால அது வெறும் மாசமா தெரியலை.

நோட்டுல இன்னும் 13 பேருக்கு போன் பண்ண வேண்டியிருக்கு. மடியில இப்ப இருக்கிறது அதே அரக்கு மஞ்சள் நெல்லிக்காய், வடக்கு சித்திரை வீதி மாமி அவங்க அமெரிக்கா பொண்ணுக்கு அம்மாவோடது மாதிரியே ஒண்ணு கேட்டிருக்காங்க, அடி போட்டு ஆறாவது வரிசை ஏறியிருக்கு, மஞ்சள் ஒயர் ஒரு கட்டு பத்தாது போல, காலையில பெரியகடை வீதிக்கு போயிட்டு வரணும்.